விலை உசந்த கார்டு கிடைச்சுடும், கிடைக்காத கார்டு வேற

பழைய பேஸ்பால் கார்டு, அதாவது ஆட்டக்காரர் படம் போட்டு சிகரெட், சூயிங் கம் பாக்கெட்டோட வந்த சின்ன அட்டை, அதைப் பத்தி பேச்சு எடுத்தாலே எல்லாரும் கேக்குற பேரு ரெண்டு. ஒண்ணு ஹோனஸ் வாக்னர், 1909-லேர்ந்து 1911 வரைக்கும் அமெரிக்கால சிகரெட் பாக்கெட்டுக்குள்ள வந்த டி206 செட்டுல இருக்குற கார்டு, 2022 ஆகஸ்ட்ல ஒண்ணு 72.5 லட்சம் டாலருக்கு கைமாறுச்சு. இன்னொண்ணு மிக்கி மேன்டில், டாப்ஸ் கம்பெனி 1952-ல விட்ட செட்டுல 311-ஆம் நம்பர், அதே மாசம் ஏலத்துல 1.26 கோடி டாலர். இந்த விலையெல்லாம் பார்த்துட்டு, இது பணக்காரங்க சமாச்சாரம், காசு இருந்தா எந்த கார்டும் கிடைக்கும் இல்லன்னா எதுவும் கிடைக்காதுன்னு நிறைய பேர் முடிவு பண்ணிடறாங்க. ஆனா வருஷக்கணக்கா செட்டு, அதாவது ஒரு கம்பெனி ஒரு வருஷம் விட்ட கார்டு அத்தனையும், சேர்க்குறவங்களைக் கேட்டுப் பாருங்க, வேற கதை சொல்வாங்க. மேன்டில் கார்டு வேணும்னா இன்னிக்கு ராத்திரியே வாங்கிடலாம், ஈபேல எப்பவும் இருக்கும், பெரிய ஏலக் கம்பெனிங்ககிட்டயும் அடிக்கடி வரும், பணம் மட்டும்தான் வேணும். ஆளை அலைய விடுறது பேரே கேள்விப்படாத யாரோ ஒரு ஆட்டக்காரரோட கார்டு, கிடைச்சா விலைகூட பெருசா இருக்காது, ஆனா கிடைக்கணுமே.

ஒரு கார்டு எவ்வளவு அபூர்வம்ங்கறதுக்கும் அதுல இருக்குறவர் எவ்வளவு பெரிய ஆட்டக்காரர்ங்கறதுக்கும் சம்பந்தமே இல்ல. அச்சடிச்ச ஷீட்டுல அது எந்த இடத்துல இருந்துச்சு, எந்த மாசம் கடைக்கு வந்துச்சு, எந்த கம்பெனி எந்த கம்பெனிகூட சண்டை போட்டுச்சு, அதை வாங்கின பையன் அதை என்ன பண்ணான், இதுலதான் விஷயமே இருக்கு. இந்த நாலையும் புரிஞ்சுக்கிட்டா எந்த கார்டைத் தேடி அலையணும், எந்த கார்டு தானா வரும்னு ஓரளவு முன்னாடியே சொல்லிடலாம்.

மேன்டில்லேர்ந்தே ஆரம்பிக்கலாம். 1952 டாப்ஸ் செட்டுல மொத்தம் 407 கார்டு, ஆறு சீரீஸா பிரிச்சு விட்டாங்க. கடைசி சீரீஸ் 311-லேர்ந்து 407 வரைக்கும், அதாவது 97 கார்டு. ஷீட்டுல 100 இடம். மிச்சம் இருந்த மூணு இடத்துல என்ன பண்ணாங்கன்னா 311, 312, 313 மூணையும் ரெண்டாவது தடவை போட்டுட்டாங்க. 312 ஜாக்கி ராபின்சன், 313 பாபி தாம்சன், 311 நம்ம மேன்டில். ஆக, உலகத்துலயே ரொம்ப பேசப்படுற கார்டு அது வந்த சீரீஸ்லயே மத்த 94 கார்டைவிட ரெண்டு மடங்கு அடிச்ச கார்டு! அதுக்கு பக்கத்துல அச்சான சாதாரண ஆட்டக்காரர் கார்டு ஒவ்வொண்ணும் அதுல பாதிதான் அடிச்சது. எல்லாரும் மேன்டில்தான் கேக்குறாங்கங்கறதால விலை அங்க போச்சு, எண்ணிக்கைன்னு பார்த்தா அவரு வசதியாவே இருக்காரு.

அந்த சீரீஸே மொத்தமா கம்மியா இருக்குறதுக்கு காரணம் காலண்டர்தான். பேஸ்பால் சீசன் ஏப்ரல்ல ஆரம்பிச்சு அக்டோபர்ல முடியும். முதல் சீரீஸ் வசந்த காலத்துல வரும், பசங்க அடிச்சுப் பிடிச்சு வாங்குவாங்க. கடைசி சீரீஸ் வர்றப்ப கோடை லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறந்திருக்கும், பசங்க புத்தி ஃபுட்பாலுக்கு போயிருக்கும், கடைக்காரர்கிட்ட போன சீரீஸ் பெட்டியே விக்காம அடுக்கி கெடக்கும், அவரு எதுக்கு புதுசா ஆர்டர் போடுவாரு. 1952 கடைசி சீரீஸ் இப்படித்தான் மாட்டுச்சு. டாப்ஸ்ல அந்த செட்டை வடிவமைச்ச சை பெர்கர் பின்னாடி சொன்ன கதை ரொம்ப பிரபலம்: விக்காத பெட்டியெல்லாம் புரூக்ளின்ல குடோன்ல இடத்தை அடைச்சுக்கிட்டு இருந்துச்சு, திருவிழாக் கடைக்காரங்களுக்கு அடிமாட்டு விலைக்கு தர்றேன்னு சொல்லியும் யாரும் சீண்டல, கடைசியா 1960 வாக்குல குப்பை லாரில ஏத்தி, படகுல கொண்டுபோய் அட்லான்டிக் கடல்ல கொட்டிட்டாங்க. எத்தனை கார்டு போச்சுன்னு யாரும் எண்ணி வைக்கல. ஆனா விக்காத சரக்கு சேர்த்து வைக்க வேண்டிய சாமானாவே அன்னிக்கு யாருக்கும் தெரியலங்கறது இதுலேர்ந்து நல்லாவே புரியுது.

இதே கதை கிட்டத்தட்ட இருபது வருஷம் நடந்துச்சு. 1974-லதான் டாப்ஸ் முழு செட்டையும் ஒரே தடவையா விட ஆரம்பிச்சாங்க, அதுவரைக்கும் தவணை தவணையாதான். அதனால 1961, 1962, 1966, 1967, 1972 இந்த வருஷத்து செட்டை சேர்க்குறவங்க எல்லாரும் முக்கால்வாசியை சுலபமா முடிச்சுட்டு கடைசி எழுபது நூறு கார்டுல போய் சிக்கி நிப்பாங்க. இதுக்கு ஹை நம்பர்னு பேரு. 1966-ல 523-லேர்ந்து 598, 1967-ல 534-லேர்ந்து 609, 1972-ல 657-லேர்ந்து 787. ஆனா 'கடைசி சீரீஸ்தான் கஷ்டம்'னு கண்ணை மூடிக்கிட்டு நம்பிடவும் கூடாது, 1957-ஐ பாருங்க, அதுல கஷ்டமானது 265-லேர்ந்து 352 வரைக்கும் உள்ள நாலாவது சீரீஸ், அதுக்கப்புறம் வந்த அஞ்சாவது சீரீஸ் தாராளமா கிடைக்குது. இது தெரியாம 1957 செட்டுல இறங்குறவங்க, நடுவுல இருக்குற நம்பர்தானே அப்புறம் பார்த்துக்கலாம்னு தள்ளிப் போட்டுக்கிட்டே போவாங்க, சாண்டி கூஃபாக்ஸ் 302, புரூக்ஸ் ராபின்சன் முதல் கார்டு 328 ரெண்டும் அந்த சீரீஸ்லதான் இருக்குங்கறதால பாரம் இன்னும் கூடிடும்.

ஹை நம்பருக்குள்ளயே எல்லாம் சமம் இல்லங்கறதுதான் இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச பகுதி. அறுபதுகள்ல டாப்ஸ் ஷீட்டுல ஒரு பாதிக்கு 132 இடம், 11 கார்டு வீதம் 12 வரிசை, ரெண்டு பாதியும் சேர்த்தா 24 வரிசை. கடைசி சீரீஸ்ல எழுபத்தஞ்சு சொச்சம் கார்டு, சரியா ஏழு வரிசைக்கு வரும். இப்ப 24-ஐ ஏழால வகுத்துப் பாருங்க, சமமா போகாது. சில வரிசை கூடுதல் தடவை வந்தே ஆகணும், சில வரிசை கம்மியா வந்தே ஆகணும். கம்மியா வந்த வரிசைல யாரு நின்னாரோ அவரு ஷார்ட் பிரிண்ட், யாரும் திட்டம் போட்டு பண்ணதில்ல, வெறும் கணக்குதான். 1966-ல கேலார்ட் பெர்ரி 598, வில்லி மெக்கோவி 550 ரெண்டும் இப்படி மாட்டினவங்க, ஆனா அவங்களாவது பெரிய ஆட்டக்காரங்க, ஹால் ஆஃப் ஃபேம்ல இருக்காங்க, அதனால ஜனங்க பத்திரமா வச்சிருந்தாங்க, விக்குறப்பவும் தனியா படம் எடுத்து போடுவாங்க. அந்த செட்டுல ஆளைக் கொல்றது 591, கிரான்ட் ஜாக்சனும் பார்ட் ஷெர்லியும் சேர்ந்து இருக்குற புதுமுக கார்டு. அந்த செட்டு சேர்க்காதவங்ககிட்ட இந்த ரெண்டு பேரையும் சொன்னா யாருன்னு கேப்பாங்க, சேர்க்குறவங்ககிட்ட சொன்னா பெருமூச்சு விடுவாங்க.

அச்சகத்துல தப்பிச்சு வந்த கார்டுக்கு அடுத்த கண்டம் பையன் கை. நம்ம ஊர்ல ஒரு காலத்துல தீப்பெட்டி படம் சேர்த்து, அதை வச்சு ஆடி, ஜெயிச்சு தோத்து, கடைசில எங்க போச்சுன்னே தெரியாம போச்சே, அதே மாதிரிதான் அங்கயும். சுவத்துல சுண்டி விட்டு ஆடுவாங்க, சைக்கிள் சக்கரத்துல கிளிப் போட்டு மாட்டி டரடரன்னு சத்தம் வர வைப்பாங்க, வளர்ந்து காலேஜுக்கு போனதும் அம்மா எடுத்து குப்பைல போட்டுடுவாங்க. ரெண்டாம் உலகப்போர் நேரத்துல பழைய பேப்பர் சேகரிச்சதுல அதுக்கு முந்தின காலத்து கார்டு மூட்டை மூட்டையா போயிருக்கு. இதெல்லாம் எல்லா கார்டுக்கும் பொது. குறிப்பா சில கார்டுக்கு மட்டும் நடந்த கொடுமை வேற.

1952 டாப்ஸ்ல 1-ஆம் நம்பர் ஆன்டி பாஃப்கோ, புரூக்ளின் டாட்ஜர்ஸ் ஆட்டக்காரர், நல்ல ஆட்டக்காரர்தான், ஆனா மேன்டில் கிடையாது. கார்டும் முதல் சீரீஸ், நிறைய அடிச்சது. அப்புறம் ஏன் அது இவ்வளவு விலை? பசங்க கார்டை நம்பர் வாரியா அடுக்கி மேல ரப்பர் பேண்ட் போட்டு வைப்பாங்க. மேல இருக்குறது எப்பவும் 1. ரப்பர் பேண்ட் அழுத்துறது அவரைத்தான், மேஜைல உரசுறது, மேல தண்ணி சிந்துறது, வெயில் படுறது எல்லாம் அவர் மேலதான். ஒரு பாஃப்கோ கார்டை கையில எடுத்தா முதல்ல ரெண்டு பக்க ஓரத்துலயும் நடுவுல பாருங்க, சின்னதா ஒரு பள்ளம், நகத்தால கிள்ளின மாதிரி, எதிரெதிரா அதே உயரத்துல இருக்கும், அதுதான் ரப்பர் பேண்ட் தடம். சிலதுல ரப்பர் உருகி ஒட்டி ஒரு பழுப்புக் கோடு குறுக்கால ஓடும். அடிபட்ட பாஃப்கோ எத்தனை வேணாலும் கிடைக்கும், அடிபடாத பாஃப்கோதான் இல்ல, கார்டு எவ்வளவு நல்ல நிலைமைல இருக்குன்னு பார்த்து 10-க்கு மார்க் போடுற (அதுதான் கிரேடிங்) பி.எஸ்.ஏ. கம்பெனி 10 மார்க் குடுத்த ஒண்ணு 1998-ல 80,000 டாலருக்கு மேல போச்சு. அடுக்குல அடில இருந்த 407 எடி மேத்யூஸுக்கும் இதே கதிதான், அவருக்கு கூடவே ஹை நம்பர் பிரச்சினையும் சேர்ந்துக்குச்சு, போதாததுக்கு அது அவரோட முதல் டாப்ஸ் கார்டு வேற. 1933 கௌடி செட்டுல 1-ஆம் நம்பர் பென்னி பெங்கோவையும் இந்த லிஸ்ட்ல சேர்த்துக்கலாம்.

அதைவிட எனக்கு நெஞ்சுல தைக்கிறது செக்லிஸ்ட் கார்டு. செட்டுல என்னென்ன கார்டு இருக்குன்னு பேர் போட்டு, பக்கத்துல ஒரு குட்டிக் கட்டம் போட்டிருப்பாங்க, இருக்குறதை டிக் பண்ணிக்கோன்னு. கம்பெனி எதுக்கு அச்சடிச்சாங்களோ அதையேதான் பையன் பண்ணான், பென்சிலாலயோ பேனாவாலயோ டிக் போட்டான். இப்ப கலெக்டர்ஸ் எல்லாரும் டிக் போடாத செக்லிஸ்ட்தான் கேக்குறாங்க! ஒழுங்கா பயன்படுத்தினதெல்லாம் மதிப்பில்லாம போச்சு, யாரோ அலட்சியமா டிராயர்ல போட்டு மறந்ததுதான் மதிப்பு. 1956-ல ரெண்டு, 1957-ல நாலு செக்லிஸ்ட், 1957-ல கடைசியா வந்த நாலு/அஞ்சாவது சீரீஸ் செக்லிஸ்ட் சுத்தமா வேணும்னா பல நட்சத்திர ஆட்டக்காரர் விலையை தாண்டிடும். இதுல ஏமாத்தும் உண்டு, பென்சில் டிக்கை அழிச்சுட்டு 'அன்மார்க்டு'ன்னு விப்பாங்க. விளக்கு வெளிச்சத்துல கார்டை சாய்ச்சுப் பிடிச்சு கட்டங்க மேல பார்வையை ஓட்டணும், அழிச்ச இடத்துல பளபளப்பு போயிருக்கும், பென்சில் முனை அழுத்தின கோடு நிழலா தெரியும். நேரா பார்த்தா ஒண்ணும் தெரியாது. போட்டோ பார்த்து வாங்குறவங்க சாய்ச்சுப் பிடிச்ச போட்டோ ஒண்ணு கேட்டு வாங்கிக்கறது நல்லது.

அடுத்தது கம்பெனி சண்டை. ஐம்பதுகள்ல டாப்ஸுக்கும் பிலடெல்பியால இருந்த போமனுக்கும் யார் யாரை காண்ட்ராக்ட்ல போடுறதுன்னு பெரிய போர். 1953 டாப்ஸ்ல 280 நம்பர் வரைக்கும் போகுது ஆனா கார்டு 274தான், 253, 261, 267, 268, 271, 275 ஆறும் வரவே இல்ல, அந்த வருஷம் எத்தனை பசங்க அந்த ஆறுக்காக பாக்கெட் பாக்கெட்டா வாங்கியிருப்பாங்களோ. 1954-ல இன்னும் மோசம். போமன் 66-ஆம் நம்பரா டெட் வில்லியம்ஸை போட்டு அச்சடிச்சு வெளில விட்டுட்டாங்க, ஆனா வில்லியம்ஸ் அந்த வருஷம் டாப்ஸ்கூட மட்டும்தான்னு கையெழுத்து போட்டிருந்தாரு. டாப்ஸ் அவரை பெருமையா செட்டோட 1-ஆம் நம்பரும் 250-ஆம் நம்பருமா, முதலும் கடைசியுமா வச்சாங்க. போமன் அவசர அவசரமா வில்லியம்ஸை எடுத்துட்டு, அதே ரெட் சாக்ஸ் டீமோட ஜிம்மி பியர்சாலை 66-ல போட்டாங்க, அவருக்கு ஏற்கனவே 210-ல ஒரு கார்டு இருந்தும்கூட. எடுக்குறதுக்கு முன்னாடி வெளில போன வில்லியம்ஸ் மட்டும்தான் இன்னிக்கு இருக்குறது. 1956-ல டாப்ஸ் போமனையே வாங்கிட்டாங்க, சண்டை முடிஞ்சுது.

முடிஞ்சுதுன்னு பார்த்தா ஃபிளீர்ங்கற இன்னொரு கம்பெனி வந்தாங்க. 1959-ல அதே டெட் வில்லியம்ஸ் ஃபிளீர்கிட்ட போய், அவர் வாழ்க்கையை மட்டும் வச்சு 80 கார்டு செட்டு. அதுல 68-ஆம் நம்பர், அந்த வருஷத்துக்கு அவரு கையெழுத்து போடுற காட்சி, பக்கத்துல ரெட் சாக்ஸ் ஜெனரல் மேனேஜர் பக்கி ஹாரிஸ். ஹாரிஸ் டாப்ஸ் காண்ட்ராக்ட்ல இருந்தாரு. அவ்வளவுதான், கார்டை சீக்கிரமே நிறுத்திட்டாங்க. மத்த 79 கார்டையும் ஒரு சாயங்காலத்துல சேர்த்துடலாம், 68 மட்டும் தனியா நிக்கும். கள்ளக் கார்டும் அதுலதான் அதிகம், அதனால அதை மட்டும் கிரேட் பண்ணதா வாங்கறது உத்தமம்.

சண்டை இல்லாம வேணும்னே பண்ண கம்பெனியும் உண்டு. பாஸ்டன்ல இருந்த கௌடி கம் கம்பெனி 1933-ல 240 கார்டு செட்டு போட்டாங்க, பேப் ரூத் மட்டும் நாலு கார்டு. ஆனா 106-ஆம் நம்பர் வெளியவே வரல. பசங்க அது கிடைக்கும் கிடைக்கும்னு கம் வாங்கிக்கிட்டே இருந்தாங்க. கடுப்பாகி கம்பெனிக்கே லெட்டர் எழுதினவங்களுக்கு 1934-ல ஒரு கார்டு அச்சடிச்சு தபால்ல அனுப்பினாங்க, நாப் லாஜுவே, 1916-லயே ஆட்டத்தை விட்டுட்ட பழைய ஜாம்பவான். லெட்டரோட பேப்பர் கிளிப் போட்டு அனுப்பினதால இன்னிக்கு இருக்குற லாஜுவே கார்டு பலதுல மேல் ஓரத்துல அந்த கிளிப் தடம் அப்படியே இருக்கு. வேற எந்த கார்டுலயும் கிளிப் தடம்னா குறை, இதுல அந்த தடத்தைப் பார்த்தா எனக்கு ஒரு சந்தோஷம், யாரோ ஒரு பையன் விடாம லெட்டர் எழுதி வாங்கியிருக்கான்னு தோணும்.

1932-ல யு.எஸ். கேரமல்ங்கற மிட்டாய் கம்பெனி 32 கார்டு செட்டு போட்டு, முழு செட்டு அனுப்பினா பரிசுன்னாங்க. அதுல 16-ஆம் நம்பர் ஃபிரெட் லிண்ட்ஸ்ட்ராம் கார்டை பேருக்குத்தான் அடிச்சிருக்காங்க, பரிசு குடுக்குறது கட்டுக்குள்ள இருக்கணும்ல. ரொம்ப காலம் அப்படி ஒரு கார்டே கிடையாது, 16 காலி நம்பர்னுதான் கலெக்டர்ஸ் நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. சிகாகோ லீஃப் கம்பெனி 1949 வாக்குல விட்ட செட்டுல 98 கார்டு, ஆனா நம்பர் 168 வரைக்கும் தாவித் தாவி போகும், நடுவுல விட்டுப்போன நம்பரெல்லாம் வருமோன்னு பசங்க தேடிக்கிட்டே இருக்கட்டும்னு. அந்த 98-லயும் பாதி, 49 கார்டு, ஷார்ட் பிரிண்ட். சாட்செல் பேஜ் 8-ஆம் நம்பர் அதுல ஒண்ணு, கறுப்பினத்தவங்களுக்குன்னு தனியா இருந்த நீக்ரோ லீக்ல ஜொலிச்சு, நாப்பது வயசு தாண்டி மேஜர் லீக்குக்குள்ள விடப்பட்ட பிட்சர், அதாவது பந்து வீசுறவர், அதை தேடுறவங்க கூட்டம் இப்பவும் குறையல. லீஃப் 1960-லயும் ஒரு செட்டு விட்டாங்க, கம் விக்கிற உரிமை டாப்ஸ்கிட்ட இருந்ததால கார்டோட கம்முக்கு பதிலா கோலிகுண்டு! அதுல ரெண்டாவது சீரீஸ், 73-லேர்ந்து 144, முதல் பாதியைவிட பல மடங்கு கஷ்டம்.

சாப்பாட்டு சாமானோட வந்த கார்டு தனி உலகம். 1954 வில்சன் ஃப்ராங்க்ஸ், ஹாட் டாக் பாக்கெட்டோட வந்த 20 கார்டு, படத்துலயே ஆட்டக்காரர் பக்கத்துல ஒரு ஹாட் டாக் பாக்கெட் பறக்குற மாதிரி வரைஞ்சிருப்பாங்க. இறைச்சியோட வந்த கார்டுல கறை இல்லாம இருக்கணும்னா எப்படி? அதே வருஷம் டான்-டீ சிப்ஸ் பாக்கெட்ல வந்த கார்டுல எண்ணெய். டான்-டீ மாதிரி கார்டு ஒரு ஊர், ரெண்டு ஊர்ல மட்டும் வித்தது, கிளீவ்லாந்துல வளர்ந்தவருக்கு சின்ன வயசு ஞாபகமா இருக்கும், கலிபோர்னியாக்காரர் கண்ணாலயே பார்த்திருக்க மாட்டாரு. 1961-லேர்ந்து 1963 வரைக்கும் போஸ்ட் சீரியல் பெட்டியோட பின்பக்கத்துலயே கார்டு அச்சடிச்சு, வெட்டி எடுத்துக்கோன்னாங்க. பையன் கத்திரி போன போக்குல வெட்டினது ஒண்ணு, அதைவிட சுவாரசியம் என்னன்னா அதிகம் விக்காத சீரியல் வகையோட பெட்டில மட்டும் வந்த ஆட்டக்காரர் இன்னிக்கு கிடைக்கமாட்டேங்குறாரு, அந்த சீரியலோட ருசி பிடிக்கலங்கறதுக்காக அறுபது வருஷம் கழிச்சு ஒருத்தர் தேடி அலையுறாரு. வெனிசுவேலால டாப்ஸ் விட்ட கார்டையும் சொல்லணும், அங்க ஆல்பத்துல பசை போட்டு ஒட்டுறதுதான் வழக்கம், பின்பக்கம் கிழியாம ஒண்ணு பார்த்தாலே விசேஷம்.

மறுபடி வாக்னர் பக்கம் வருவோம், ஏன்னா அதே டி206 செட்டுல இதுக்கெல்லாம் உச்சமா ஒரு ஆள் இருக்காரு. இந்த டி206-ங்கற பேரு வச்சது ஜெஃபர்சன் பர்டிக், நியூயார்க் மாகாணத்துல சிரக்யூஸ்காரர், மூட்டுவாதத்தால கை கால் முடக்கிக்கிட்டு வந்த நிலைமைல, கார்டுக்கெல்லாம் கேட்டலாக் போட்டு, தன்னோட மூணு லட்சத்துக்கு மேற்பட்ட சேகரிப்பை மெட்ரோபாலிடன் மியூசியத்துக்கு குடுத்து, அங்கயே உக்காந்து ஆல்பத்துல ஒட்டி முடிச்சுட்டு 1963-ல காலமானாரு. டி-ன்னா புகையிலை, இ-ன்னா அந்தக் காலத்து மிட்டாய், இப்படி அவரு போட்ட எழுத்தைத்தான் இன்னிக்கு உலகமே சொல்லுது. அந்த மனுஷன் மட்டும் லிஸ்ட் போடலன்னா எது இருக்கு எது இல்லன்னே யாருக்கும் தெரிஞ்சிருக்காது. சரி, டி206-க்கு வருவோம். வாக்னர் கார்டு அம்பது அறுபது இருக்குன்னு கணக்கு. அதே செட்டுல ஜோ டாயில்னு ஒரு பிட்சர், அமெரிக்கன் லீக்ல நியூயார்க் டீம். அதே ஊர்ல நேஷனல் லீக் டீம்ல லாரி டாயில்னு இன்னொருத்தர். அச்சகத்துல குழம்பி ஜோ டாயில் படத்துக்கு கீழ 'என்.ஒய். நேஷனல்'னு போட்டுட்டாங்க, உடனே கண்டுபிடிச்சு நேஷனலை எடுத்துட்டாங்க. அந்த தப்போட வெளில வந்தது இன்னிக்கு தெரிஞ்சு சுமார் பத்துதான் இருக்கு. வாக்னரைவிட அஞ்சு மடங்கு அபூர்வம், விலைன்னு பார்த்தா வாக்னர் பக்கத்துலயே வராது, வெளியாளுங்களுக்கு பேரும் தெரியாது.

இப்ப சந்தைக்கு வருவோம். இணையம் வந்ததும் எல்லாம் சுலபமாகிடும்னு நினைச்சாங்க, பெரிய கார்டு விஷயத்துல உண்மைதான். ஆனா ரெண்டு மூணு டாலர் கார்டை யாரு படம் எடுத்து, விவரம் எழுதி, கவர்ல போட்டு தபால்ல அனுப்புவாங்க? தபால் செலவே கார்டு விலையை சாப்பிட்டுடும். அதனால அந்த மாதிரி கார்டெல்லாம் டீலர் வீட்டு பேஸ்மென்ட்ல நீள அட்டைப்பெட்டிக்குள்ளயே தூங்குது, வெளி உலகத்துக்கு அது இல்லாத மாதிரிதான். இதுக்கு ஒரே வழி நேர்ல ஷோவுக்கு போய் பெட்டியை ஒவ்வொரு கார்டா புரட்டுறதும், வேணுங்கற நம்பரை எழுதி டீலர்கிட்ட குடுத்து வைக்குறதும்தான். 1980-லேர்ந்து வருஷா வருஷம் நடக்குற நேஷனல்ங்கற பெரிய ஷோல கண்ணாடிப் பெட்டிக்குள்ள மேன்டில் வரிசையா நிப்பாரு, கூட்டமும் அங்கதான், ஆனா செட்டு சேர்க்குறவங்களைப் பார்க்கணும்னா ஓரத்து மேஜைக்கு போகணும், கையில மடங்கின ஒரு தாள், நம்பர் எல்லாம் அடிச்சு அடிச்சு நாலு அஞ்சு மிச்சம் இருக்கும், அந்த நாலு அஞ்சு பெரும்பாலும் எல்லார் தாள்லயும் ஒண்ணாவே இருக்கும்.

கிரேடிங் வந்தது இன்னொரு முடிச்சு போட்டுச்சு. சாதாரண கார்டை கிரேடிங்குக்கு அனுப்புற கட்டணம் கார்டைவிட ஜாஸ்தி, அதனால யாரும் அனுப்பல, அதனால கணக்குல அந்த கார்டு நல்ல கிரேட்ல ரெண்டோ மூணோதான் இருக்குன்னு காட்டும். பி.எஸ்.ஏ.ல செட் ரெஜிஸ்ட்ரின்னு ஒரு போட்டி, யாரோட செட்டு சராசரி மார்க் ஒசத்தின்னு வரிசை போடுவாங்க, அதுல இருக்குற ரெண்டு மூணு பேர் ஒரே நேரத்துல அந்த சாதாரண ஆளோட கார்டுக்கு மோதினா விலை எங்கயோ போய் நிக்கும். அதுக்காக கார்டு நிஜமாவே இல்லன்னு அர்த்தம் இல்ல, கிரேட் பண்ணது இல்ல, அவ்வளவுதான். நிஜமாவே நல்ல நிலைமைல இல்லாததும் உண்டு, ஷீட்டோட ஓரத்துல இருந்ததால எப்பவும் கோணலா வெட்டுப்பட்டது, 1971 மாதிரி கறுப்பு ஓரம் உள்ள செட்டுல விரல் பட்டாலே வெள்ளை தெரியுறது. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியணும், முதல் வகைக்கு பொறுமையா இருக்கலாம், ரெண்டாவது வகைக்கு வந்தப்பவே பிடிச்சுடணும். ஓரம் ரொம்ப கூர்மையா, கார்டு மத்ததைவிட துளி சின்னதா இருந்தா உஷாரா இருங்க, வெட்டி சரி பண்ணிருப்பாங்க. ஐஸ் ஹாக்கி நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவர் டீம் முதலாளி புரூஸ் மெக்னாலும் 1991-ல 4,51,000 டாலருக்கு வாங்கின அந்த பிரபல வாக்னர் கார்டையே ஓரம் வெட்டினேன்னு டீலர் பில் மாஸ்ட்ரோ 2013-ல கோர்ட்டுல ஒத்துக்கிட்டாரு, பி.எஸ்.ஏ. முதன்முதலா கிரேட் பண்ண கார்டே அதுதான்.

இன்னும் வெளில வராதது இருக்குங்கறதும் உண்மை. 2012-ல ஒஹாயோவுல டிஃபயன்ஸ்ங்கற ஊர்ல ஒரு பழைய வீட்டு பரண்ல அட்டைப்பெட்டில 1910 வாக்குல வந்த இ98 கார்டு சுமார் 700 கிடைச்சுது, நூறு வருஷம் யாரும் தொடல, அதுவரைக்கும் அந்த செட்டு அந்த நிலைமைல இருக்கும்னே யாரும் நம்பல. 2016-ல ஒரு பழைய காகிதப் பைல, முன்னாடி அந்தக் காலத்து பெரிய ஆட்டக்காரர் டை காப் படம், பின்னாடியும் டை காப் பேருல புகையிலை விளம்பரம் உள்ள டி206 கார்டு ஏழு வந்துச்சு, அதுக்கு முன்னாடி உலகத்துல தெரிஞ்சது இருபதுக்கும் கம்மி. இப்படி ஒரு பெட்டி தொறந்தா நேத்து வரைக்கும் கிடைக்காத கார்டோட நிலவரம் இன்னிக்கு மாறிடும், அதனால அபூர்வத்தை மட்டும் நம்பி காசு போடுறவங்களுக்கு நான் எப்பவும் வேண்டாம்னுதான் சொல்வேன், பிடிச்சு வாங்குறவங்களுக்கு பயமே இல்ல.

புதுசா ஒரு பழைய செட்டை கையில எடுக்கணும்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்றது 1963 ஃபிளீர். 66 ஆட்டக்காரர், கூட நம்பர் இல்லாத ஒரு செக்லிஸ்ட், மொத்தமே 67. கம்முக்கு பதிலா குக்கி வச்சு வித்தாங்க, டாப்ஸ் கோர்ட்டுக்கு போனதால முதல் சீரீஸோட நின்னுபோச்சு, அதனால ஹை நம்பர் தொல்லை இல்ல. வில்லி மேஸ், கூஃபாக்ஸ், கிளமென்டே, பாப் கிப்சன் எல்லாம் இருக்காங்க, மோரி வில்ஸோட முதல் கார்டும் அதுலதான். ஒரே ஒரு முள்ளு, 46-ஆம் நம்பர் ஜோ அட்காக். செக்லிஸ்டை உள்ள நுழைக்கறதுக்காக பாதில ஷீட்டுலேர்ந்து அவரை எடுத்துட்டாங்க, ஆக அட்காக்கும் கம்மி, நடுவுல நுழைஞ்ச செக்லிஸ்டும் கம்மி, அதுலயும் டிக் போடாதது இன்னும் கம்மி. எல்லாரும் மேஸையும் கூஃபாக்ஸையும் முதல்ல வாங்கிட்டு அட்காக்கை கடைசிக்கு தள்ளுவாங்க, நீங்க மாத்தி பண்ணுங்க, சுமாரான நிலைமைல இருந்தாலும் அட்காக்கையும் செக்லிஸ்டையும் முதல்ல எடுத்து வச்சுடுங்க, மேஸ் எந்த ஷோலயும் கிடைப்பாரு.